டைக்குள் மாட்டிய பித்தளைக் கூடு

எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று இறுக மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? மேல் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, கீழ் டம்ளரைச் சுடுதண்ணீரில் வைப்போம். கொஞ்ச நேரத்தில் 'டக்'கென்று கழன்றுவிடும். எங்கள் வீட்டில் இதற்கு நான்தான் ஸ்பெஷலிஸ்ட். அந்தத் தைரியத்தில்தான் பென்சில்வேனியாவில் ஒரு பெரியவரின் கராஜில் நின்றுகொண்டு, "கொஞ்சம் சூடு பண்ணிப் பார்க்கலாமே" என்று யோசனை சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. காபி போடப் போய்விட்டார்.

மாட்டவைத்ததே நான்தான் என்பதால் அந்த மௌனம் கொஞ்சம் கனமாகவே இருந்தது. அன்று இரவு ஹோட்டலுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் என் டம்ளர் வைத்தியம் அங்கே எவ்வளவு தப்பு என்று புரிந்தது. அந்தக் கணக்கையும், அவர் கடைசியில் அதை எப்படி எடுத்தார் என்பதையும் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் சூழ்நிலை. தோட்டா என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் நாலு பாகம் இருக்கிறது. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் சின்ன ப்ரைமர், உள்ளே மருந்து, முகப்பில் குண்டு. சுட்டபிறகு மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், ப்ரைமர் செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் அப்படியே கையில் மிஞ்சும். நாலில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். அதைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் திரும்ப நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் வீட்டு கராஜில் சாதாரணமாகச் செய்கிற வேலை இது. புதுசும் இல்லை. கனெக்டிகட் மாநிலத்து ஜான் பார்லோ 1884-இல் 'ஐடியல்' என்ற கம்பெனி தொடங்கி, இடுக்கி மாதிரி கையடக்கக் கருவிகளை விற்றார். 1925-இல் அதை லைமன் கம்பெனி வாங்கியது. 1943-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் ஆரம்பித்ததுதான் ஆர்சிபிஎஸ். 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்பதன் முதலெழுத்துகள் அவை. ராக் சக் என்பது அங்கே மலைப்பாறைகளில் திரியும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொழுத்த பிராணி. அதைச் சுடத் தோதாகக் குண்டு செய்யும் கருவிக்கு வைத்த பெயர் கம்பெனிக்கே நிலைத்துவிட்டது.

சுட்ட கூட்டை அப்படியே திரும்ப நிரப்ப முடியாது. துப்பாக்கி அறைக்குள் மருந்து எரியும்போது உண்டாகும் அழுத்தம் பயங்கரம். .30-06 என்ற பழைய ராணுவ அளவுத் தோட்டாவில் (கடைசி 06 என்பது 1906-ஆம் ஆண்டைக் குறிக்கிறது) அது வளிமண்டல அழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்கு வரை போகலாம். கூடு பலூன் மாதிரி விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் விழுந்ததும் கொஞ்சம் சுருங்கித் தளரும். அந்தக் கொஞ்சம் சுருங்குவதால்தான் சுட்ட கூட்டைத் துப்பாக்கியிலிருந்து வெளியே இழுக்கவே முடிகிறது. கூட்டுக்கு 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஸ்பிரிங் குணமும் ஒரு காரணம்.

ஆனாலும் பழைய அளவுக்கு முழுசாகத் திரும்பாது. அதனால் கூட்டை ஒரு கெட்டியான இரும்பு டைக்குள் அழுத்தித் திரும்பச் சின்னதாக்க வேண்டும். மேஜையில் போல்ட் போட்டு நிறுத்திய பிரஸ், அதன் தலையில் மரை போட்டுத் திருகிய டை, கீழே மேலும் கீழும் போய்வரும் தண்டு, தண்டின் உச்சியில் கூட்டின் அடி விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர் என்று ஒரு சின்னத் தாடை. கைப்பிடியைக் கீழே இழுத்தால் கூடு மேலே போய் டைக்குள் நுழையும். டைக்குள் நடுவில் தொங்கும் கம்பியின் ஊசி செத்த ப்ரைமரைக் குத்தித் தள்ளும். கைப்பிடியைத் திருப்பினால் கூடு வெளியே வரும். வரும்போது அதே கம்பியிலுள்ள சின்ன உருண்டை கழுத்தின் உள்விட்டத்தைச் சரி செய்யும். ஒரு கூட்டுக்கு ஐந்து வினாடிகூட ஆகாது.

பெரியவர் இருபது முப்பது போட்டுவிட்டு, "நீ ஒண்ணு போட்டுப் பாரேன்" என்றார். நானும் கூட்டின்மேல் எண்ணெய் ஸ்பிரேயை 'ஷ்ஷ்' என்று அடித்துவிட்டு உடனே வைத்து இழுத்தேன். பாதி வழியில் கைப்பிடி கனத்தது. இப்படித்தான் இருக்கும் போல என்று இன்னும் கொஞ்சம் எம்பி அழுத்தினேன். மேலே போய்விட்டது. திருப்பி இழுத்தால் அசையவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். உடம்பு எடையை முழுசாகப் போட்டுக் கைப்பிடியைத் தூக்கினேன். 'டப்'பென்று தண்டு தனியாகக் கீழே வந்தது. ஷெல் ஹோல்டரில் பிறை நிலா மாதிரி ஒரு பித்தளைத் துண்டு. கூடு மேலே டைக்குள்ளேயே இருந்தது. அடி விளிம்பைப் பிய்த்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. உள்ளே தள்ளும்போது தண்டு கூட்டின் அடிப்பாகம் முழுவதையும் தாங்கித் தள்ளுகிறது. எவ்வளவு பலம் போட்டாலும் கூடு தாங்கும். வெளியே இழுக்கும்போது பிடிக்க இருப்பது அடியிலுள்ள விளிம்பு மட்டும். அதன் தடிமன் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். ஷெல் ஹோல்டரோ முன்பக்கம் திறந்த தாடை, அந்த விளிம்பின் முழு வட்டத்தையும் பிடிக்காது. அதாவது இந்த இயந்திரத்தில் உள்ளே போக ராஜபாட்டை, வெளியே வர ஒற்றையடிப் பாதை. எனக்குப் பலம் போதவில்லை என்று நான் நினைத்தேன். உண்மையில் பிடிதான் போதவில்லை. பிடி இல்லாத இடத்தில் பலத்தைக் கூட்டினால் இருக்கிற பிடியும் போகும்.

கூட்டை உள்ளே எது பிடித்து வைத்திருக்கிறது? பசை ஒன்றும் இல்லை. துப்பாக்கி அறையிலிருந்து வெளியே வர உதவிய அதே ஸ்பிரிங் குணம்தான். அங்கே வெளிப்பக்கம் தள்ளப்பட்ட பித்தளை உள்பக்கம் சுருங்கியது. இங்கே உள்பக்கம் நசுக்கப்பட்ட பித்தளை வெளிப்பக்கம் விரியப் பார்க்கிறது. டைச் சுவர் விடவில்லை. அதனால் சுவரை எட்டுத் திக்கிலும் உந்திக்கொண்டே நிற்கிறது. சைஸ் பண்ணி வெளியே எடுத்த கூட்டை அளந்தால், டையின் உள்ளளவைவிட 25 முதல் 50 மைக்ரான் வரை பெரிதாக இருக்கலாம். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதி மாதிரி. எண்ணெய்ப் படலம் நடுவில் இருக்கும்வரை இந்த உந்தல் ஒரு பிரச்சினையே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். படலம் கிழிந்து பித்தளை நேரடியாக இரும்பில் உரசினால், பித்தளைத் துகள் சுவரில் அப்பிக்கொள்ளும். அப்பிய துகள் இன்னும் கீறும், கீறலில் இன்னும் அப்பும்.

இப்போது டம்ளர் வைத்தியத்துக்கு வருவோம். டம்ளர் இரண்டும் ஒரே உலோகம். ஒன்றைச் சூடாக்கி மற்றதைக் குளிர்விக்கிறோம், அதனால் இடைவெளி விழுகிறது. டையும் கூடும் அப்படியில்லை. ஒரு டிகிரி சூட்டுக்குப் பித்தளை தன் அளவில் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்கு விரியும். இரும்பு சுமார் 12 பங்குதான். மொத்தமாகச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் பித்தளை வெளியே இருக்கும் இரும்பைவிட அதிகமாக விரிந்து இன்னும் இறுகும். டையை மட்டும் வேகமாகச் சூடாக்கலாமே என்றால், பித்தளை சூட்டை நொடியில் வாங்கிக்கொள்ளும் ஜாதி. போதாததற்கு, டையின் உட்சுவர் பதம் போட்டுக் கடினமாக்கப்பட்டது. டார்ச் நெருப்பைக் காட்டினால் அந்தப் பதம் இறங்கிப் போகும். கூட்டைக் காப்பாற்றப் போய் டையைச் சாகடித்த கதை ஆகிவிடும். காபி போடப் போனவரின் மௌனத்துக்கு அர்த்தம் இதுதான்.

சரி, சூடு கூடாதென்றால் குளிர்? திசை சரி. டையை ஃப்ரீசரில் வைத்தால் பித்தளைதான் அதிகம் சுருங்கும். ஆனால் எவ்வளவு? .30-06 கூட்டின் அடிப்பக்க விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். அறைச் சூடு 25 டிகிரியிலிருந்து ஃப்ரீசரின் மைனஸ் 18 வரை போனால் வித்தியாசம் 43 டிகிரி. இரண்டு உலோகங்களுக்கும் உள்ள வேறுபாடு 8 பங்கு. பெருக்கினால் சுமார் 4 மைக்ரான். நமக்கு வேண்டியது 25 முதல் 50. பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிசு. லேசாக மாட்டியிருந்தால் உதவும், விளிம்பு பிய்ந்த கேஸுக்கு உதவாது. ஃப்ரீசரில் வைத்தேன், வந்துவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கவில்லை. அவர்களுடையது ஒருவேளை வரத் தயாராக இருந்த கூடு.

காபியோடு வந்த பெரியவர் டையைப் பிரஸ்ஸிலிருந்து திருகிக் கழற்றி, தோல் துண்டு சுற்றி வைஸில் தலைகீழாகப் பிடித்தார். தோல், வெளி மரை நசுங்காமல் இருக்க. எதையும் தொடுவதற்கு முன்னால் டார்ச் லைட்டை எடுத்துக் கூட்டின் அடியைப் பார்த்தார். ப்ரைமர் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்கிறார். கூடு முழுசாக மேலே போயிருந்ததால் ஊசி அதை முன்பே தள்ளியிருந்தது, குழி காலியாக இருந்தது. இதில் அவர் விளையாட்டுக் காட்டவில்லை. சுடாத ப்ரைமர் உள்ளே இருக்கிற கூடோ, மருந்தும் குண்டும் அடைத்த முழுத் தோட்டாவோ மாட்டியிருந்தால் டிரில்லும் கிடையாது, சுத்தியலும் கிடையாது, சூடும் கிடையாது. ப்ரைமர் என்பது அடிபட்டால் வெடிப்பதற்கென்றே செய்த பொருள். அப்படி ஒரு நிலை வந்தால் டையையே மறந்துவிட்டு, துப்பாக்கி வேலை தெரிந்த ஒருவரிடம் கேட்பதுதான் வழி என்றார்.

அடுத்து டையின் நடுக்கம்பி. அதன் பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பி எவ்வளவு தூரம் பின்வாங்குமோ அவ்வளவு வாங்கினார். முழுசாக வெளியே வராது. ஏனென்றால் உருண்டை கூட்டுக்குள்ளே இருக்கிறது, அதைவிடச் சின்னதாகக் கழுத்து இறுகிவிட்டது. ஆனாலும் பின்வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் டிரில் பிட் போய் ஊசியில் முட்டி, இரண்டும் உடையும். அந்தக் கம்பியையே சுத்தியலால் தட்டிக் கூட்டை வெளியே தள்ளலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை. பிறகு தெரிந்துகொண்டேன், சிலர் அப்படியும் செய்கிறார்கள். பல டைகளில் கம்பி வளைந்துவிடும்.

பிறகு வந்தது எனக்குப் பிடித்த இடம். கூட்டின் அடியில் ப்ரைமர் உட்காரும் குழியின் விட்டம் 5.3 மில்லிமீட்டர். கால் அங்குல மரை வெட்டும் டேப்புக்கு முதலில் போட வேண்டிய துளை 5.1 மில்லிமீட்டர். டிரில் பிட் அந்தக் குழிக்குள் அளவெடுத்துச் செய்த மாதிரி போய் உட்காருகிறது. சென்டர் பஞ்ச் வேண்டாம், நடு பார்க்க வேண்டாம். நடுவைக் கண்டுபிடிப்பது எந்தத் துளை வேலையிலும் பாதி தலைவலி. இங்கே அதைத் தோட்டா செய்தவனே இலவசமாகக் கொடுத்துவிட்டான். மெதுவாகத் துளை போட்டார். டேப்பை வைத்து, அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று சீவலை உதிர்த்துக்கொண்டே மரை வெட்டினார். கூட்டின் அடிச்சுவர் அங்கே ஐந்து மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அதில் நாலு சுற்று மரை விழுந்தால் போதும்.

இப்போது டையின் வாயின்மேல் குழிந்த ஒரு இரும்புக் குப்பியைக் கவிழ்த்தார். குப்பியின் விளிம்பு டையின்மேல் உட்காரும், உள்ளே வெற்றிடம். மேலே வாஷர், அதன் வழியாகக் கால் அங்குல ஆலன் போல்ட், அது போய்க் கூட்டில் வெட்டிய மரையில் ஏறும். இதைத்தான் மாட்டிய கூட்டை எடுக்கும் கிட் என்று கடைகளில் விற்கிறார்கள். பெரிய சாக்கெட் ஒன்றும் ஒரு போல்ட்டும் வாஷரும் இருந்தால் அதே வேலை நடக்கும். நம்மூர் மெக்கானிக் கடையில் பேரிங் கழற்றும் புல்லரைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை, அதன் குட்டித் தம்பி இது.

பலம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். போல்ட்டின் மரை அங்குலத்துக்கு 20 சுற்று, ஒரு சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர்தான் நகரும். பத்து சென்டிமீட்டர் ஆலன் கீயின் நுனியில் என் கை ஒரு சுற்று வந்தால் 63 சென்டிமீட்டர் நடக்கிறது. காகிதக் கணக்குப்படி கிட்டத்தட்ட ஐந்நூறு மடங்கு. மரையின் உராய்வு அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும், தின்று மிஞ்சியதே நூற்றுக்கணக்கான கிலோ வரும். நான் பிரஸ்ஸில் போட்ட பலம் வெடுக்கென்று வந்தது. இது நிதானமாக ஏறுகிறது. பிடித்திருப்பதும் ஓர ஓட்டை விளிம்பை அல்ல, கூட்டின் தடித்த நடு அடியை. பிடி என்றால் இதுதான் பிடி.

கீயை என் கையில் கொடுத்தார். முதல் சுற்று பல்லைக் கடித்தது. ஒரு 'க்றீச்'. இரண்டாவது சுற்றின் பாதியில் கை திடீரென்று லேசானது, அதற்குப் பிறகு விரலாலேயே சுற்ற முடிந்தது. ஏன் அப்படி என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கூடு நேரான குழாய் அல்ல, அடியிலிருந்து தோள் வரை லேசாகச் சரிந்தது. .30-06-இல் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு 16 மைக்ரான் வாக்கில் விட்டம் குறைகிறது. டையும் அதே சரிவு. அதனால் இரண்டு இரண்டரை மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே அந்த 40 மைக்ரான் இறுக்கம் தீர்ந்துபோகும். போல்ட்டின் கணக்கில் அது இரண்டு சுற்று.

வெளியே வந்த கூட்டின் உடம்பில் நீளவாக்கில் கீறல்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்பிரே அடிச்சிட்டு எவ்வளவு நேரம் விட்டே?" விடவே இல்லை. அந்த ஸ்பிரே என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கொழுப்பை ஆல்கஹாலில் கரைத்தது. வேலை செய்வது லானோலின். ஆல்கஹால் வெறும் பல்லக்குத் தூக்கி, பரப்பிவிட்டு ஆவியாகப் போய்விட வேண்டியது. அது போவதற்குள் வைத்து இழுத்தால் நடுவில் இருப்பது கொழுப்புப் படலம் அல்ல, கழுவி விடும் திரவம். இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எண்ணெயாக இருந்தால் சரி என்று டபிள்யூடி-40 அடிப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். அதன் பெயரே நீரை அகற்றும் நாற்பதாவது கலவை என்பதுதான். இந்த அழுத்தத்தைத் தாங்குவது அதன் தொழில் இல்லை. அதற்காகக் கொழுப்பை அப்பித் தள்ளவும் கூடாது. தோள் பக்கம் தேங்கிய கொழுப்பு நசுங்காது, பித்தளைதான் நசுங்கிப் பள்ளம் விழும்.

கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுடைய டைகளின் வாயில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் இருக்கும். எண்ணெய் இல்லாமலே போய்வரும். கழுத்து குறுகிய ரைஃபிள் கூடுகளுக்குத்தான் இந்தப் பாடு.

அந்த கராஜில் ஈயக் குண்டு வார்க்கும் அச்சும் இருந்தது. அதிலும் மாட்டும். உருக்கி ஊற்றிய குண்டு ஆறியதும் அச்சைத் திறந்தால் விழ வேண்டும், சில சமயம் ஒரு பாதியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். புதிதாகச் செய்பவர்கள் அச்சையே தட்டுவார்கள். அச்சின் இரண்டு பாதிகளும் முடியளவு பிசகினாலும் அடுத்து வருகிற எல்லாக் குண்டும் கோணல்தான். அவர் கைப்பிடிகள் சேரும் கீல் ஆணியில் ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டிக் காட்டினார். அதிர்வு அச்சுக்குப் போகும், அடி போகாது. அதற்கும் விழாவிட்டால் குழியின் ஓரத்தில் எங்கோ ஒரு பிசிறு இருக்கிறது என்று அர்த்தமாம்.

டையைத் துணியால் துடைத்து, உள்ளே விரல்விட்டுத் தடவினார். நகத்தில் எதுவும் தட்டவில்லை. அப்பியிருந்த பித்தளையை மெருகுப் பசை தொட்ட துணியை ஒரு குச்சியில் சுற்றி டிரில்லில் மாட்டி எடுத்தார். மான் வேட்டைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது, அந்த அளவுக்கு அவரிடம் வேறு டை இல்லை என்பதை அப்போதுதான் சொன்னார். பிறகு டையைப் பிரஸ்ஸில் மாட்டி, ஒரு கூட்டில் ஸ்பிரே அடித்து என் முன்னால் வைத்துவிட்டு, மிச்சக் காபியைக் குடிக்க ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.